கிரகணத்தன்று ஒரு பிடி அஸ்கா

எங்கள் வீட்டில் சர்க்கரையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நகையைக்கூட அப்படிப் பூட்டியதில்லை. பூட்டும் அளவுக்கு நகையும் இல்லை. வெள்ளைச் சர்க்கரையை அப்போது அஸ்கா என்போம். அஸ்கா, வெல்லம், கல்கண்டு எல்லாம் உள்ளே. சாவி அம்மாவின் இடுப்பில். காரணம் என் அக்கா. அவளுக்குப் பதினாலு வயது, எனக்கு ஏழு. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. வயதான, நன்றாகச் சாப்பிடுகிற வக்கீல்களுக்குத்தான் அது வரும் என்று மயிலாப்பூர் நம்பிக்கொண்டிருந்த காலம். அக்காவோ குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாகிப் போனாள். டாக்டர் சொன்ன பத்தியம் கிட்டத்தட்ட பட்டினிதான். கீரை, மோர், மறுபடியும் கீரை. பசி பொறுக்காமல் வெல்லம் திருடித் தின்று அவள் பிடிபட்டதுண்டு. "டாக்டரே கொஞ்சம் சாப்பிடலாம்னார்மா" என்று பொய் சொல்லிப் பார்த்ததும் உண்டு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அம்மா மேல் கோபமாக வரும்.

பிறகு இன்சுலின் வந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த, ரப்பர் மூடி போட்ட குட்டிச் சீசா. அதில் வெயிலோ சூடோ படக்கூடாது. ஐஸ் பெட்டி வைத்திருக்கும் வீடா எங்களுடையது? வாசலை அடுத்த ரேழி மூலையில் மணல் பரப்பி ஒரு மண்பானை, பானைத் தண்ணீரில் மிதக்கும் டம்ளர், டம்ளருக்குள் சீசா. அந்த மருந்தை மாட்டின் உறுப்பு ஒன்றிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை அப்பா அம்மாவிடம் சொல்லவேயில்லை. பானை சமையலறைக்குள் வராமல் பார்த்துக்கொண்டதோடு அவருடைய ஆசாரம் முடிந்தது.

ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் ஒரு கம்பவுண்டர் வந்து காலையும் மாலையும் ஊசி போடுவார். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு அக்காவின் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாற மாற ஆபத்து. எனக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை உலகத்தில் கிடையாது. என்னுடையதையும் காய்ச்சச் சொல்லி அழுது, வெறும் நீலம் வந்ததைப் பார்த்து மனம் உடைந்து போனேன். ஊசியை ஏன் கொதிக்க வைக்கிறீர்கள், எல்லோரும் சாப்பிடுகிற சர்க்கரை அக்காவுக்கு மட்டும் ஏன் விஷம் என்று அவரைத் துளைத்தெடுப்பேன்.

"இன்னா பாப்பா, டாக்டருக்குப் படிக்கப் போறியா? இவ்ளோ கேள்வி கேட்டுக்கினு கீறே!" என்று சிரிப்பார். சைக்கிளில் ஏறும்போது, "அரை மணிக்குள்ள சாப்பாடு போட்ருங்கம்மா" என்பார். தினமும் சொன்னதால் அது யார் காதிலும் விழுவதில்லை.

சில மாதங்களில் அக்கா தேறினாள். கன்னம் உப்பியது, பள்ளிக்கூடம் போனாள், என்னோடு சண்டை போட்டாள். அவளை நோயாளி என்று நாங்கள் நினைப்பதை விட்டுவிட்டோம். எல்லோருக்கும் முன்னால் விட்டவள் அவள்தான்.

அப்படியிருக்கையில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. பகலில் பிடிக்கிறது என்பதால் காலையிலேயே அடுப்பை அணைத்தாயிற்று. கிரகணம் விட்டுக் குளிக்கும் வரை யாரும் சாப்பிடக் கூடாது. அம்மா ஊறுகாய் ஜாடி, தயிர்ச்சட்டி எல்லாவற்றின் மேலும் தர்ப்பைப் புல் போட்டாள். தோஷம் அண்டக்கூடாதே என்று இன்சுலின் சீசாவின் மேலும் ஒரு துண்டுப் புல் போட்டாள். கம்பவுண்டர் வழக்கம்போல் வந்து, ஊசி போட்டு, வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா சமுத்திர ஸ்நானத்துக்குக் கிளம்பிவிட்டார்.

குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கிரகணப் பட்டினியில் விலக்கு உண்டு. எனக்குத் தயிர்சாதம் கிடைத்தது. அம்மா அக்காவையும் கூப்பிட்டாள்.

"நான் என்ன சீக்காளியா? அதான் ஊசி போட்டாச்சே. உன்னோட சேர்ந்து நானும் பட்டினி இருக்கேன்" என்றாள் அக்கா. அம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

கிரகணம் பிடித்தது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் வட்டவட்டமாக விழும் வெயிலெல்லாம் பிறை பிறையாக மாறியிருந்தது. அக்காவைக் காட்டக் கூட்டி வந்தேன். அவள் கை சொட்டச் சொட்ட வேர்த்திருந்தது, நடுங்கியது. என் கையை உதறிவிட்டு உள்ளே போனாள். அம்மா ஜபத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, சர்க்கரை குடும்மா. இப்பவே. டாக்டர் சொல்லியிருக்கார்."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? அதுவும் கிரகண வேளையிலே!"

அக்கா சிரித்தாள். சிரிக்கும் இடமே இல்லை அது. அம்மாவைப் பார்த்து "டீச்சர்" என்றாள். அப்படியே சரிந்து விழுந்தாள். தாவணி தொப்பலாக நனைந்திருந்தது, கண் மேலே செருகிக்கொண்டது. அம்மா உலுக்கினாள், பேர் சொல்லி அலறினாள். தெருவில் ஈ காக்காய் இல்லை. ஊரே கடலில் இருந்தது. அக்காவின் உதடு மட்டும் அசைந்து, சர்க்கரை என்பதுபோல் ஏதோ சொன்னது.

அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒரு பிடி அஸ்காவை அள்ளித் தண்ணீரில் நனைத்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் கன்னத்துக்குள் அப்பினாள். "சாப்பிடுடி கண்ணே, வேண்டிய மட்டும் சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

கொல்லையில் பிறைகள் மறுபடி வட்டமாகத் தொடங்கியபோது அக்கா கண்ணைத் திறந்து, "ஏம்மா அழறே?" என்றாள். ராகு விட்டதால்தான் அவள் பிழைத்தாள் என்று நான் தெருப் பிள்ளைகளிடம் சத்தியம் செய்தேன்.

அப்பா ஈர வேட்டியோடு ஓடிப் போய் டாக்டரைக் கூட்டி வந்தார். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். "சமயத்துல சர்க்கரையைக் குடுத்தேளே, எவ்வளவு தைரியம், எவ்வளவு சமயோசிதம்!" என்று டாக்டர் அம்மாவைப் புகழ்ந்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவ்வளவு பெரிய டாக்டர் பாராட்டும்போது இவள் ஏன் முகத்தை மறைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அக்காவுக்குக் குழந்தைகள் பிறந்த பிறகு ஒருநாள் அம்மாவே சொன்னாள். "மருந்துன்னு நெனச்சா போட்டேன்? பொழைக்க மாட்டாள்னு தோணிடுத்து. எத்தனை நாள் கேட்டிருப்பா, இல்லேன்னே சொல்லிண்டிருந்தேன். போறச்சேயாவது வாய் இனிக்கட்டும்னு போட்டேன்."

அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? சர்க்கரை டப்பா திறந்திருந்தது. அம்மா அழுதுகொண்டே அக்காவுக்கு ஊட்டும்போது நான் பக்கத்தில் போய், "எனக்கும்மா" என்று கையை நீட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் உள்ளங்கையிலும் கொஞ்சம் போட்டாள். நான் அதை நக்கிக்கொண்டே நின்றேன்.