அலறலைத் தேடி இறக்காமம் போன கதை

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம் தபால் மூலம் ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்கிய எனக்கு, உலகத்துக்கே தெரிந்த ஒரு ஓவியத்தின் பெயர் தெரியாது. தெரியாததோடு நிற்காமல், தெரிந்த ஒருவருக்குச் சிவப்பு மையால் ‘உளறல்’ என்று எழுதி, பத்துக்கு மூன்று புள்ளியும் போட்டேன்.

அந்த ஒருவர் கல்முனை மீராலெப்பை. வயது நாற்பதுக்கு மேல். குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்துவிட்டு, அங்கே சண்டை வந்ததும் ஊர் திரும்பி, இறக்காமத்தில் நெல் செய்பவர். ‘மறக்க முடியாத நாள்’ என்ற கட்டுரையில், யானை வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தபோது தன் தகப்பன் வரப்பில் ‘த ஸ்க்ரீம்’ ஆகி நின்றார் என்று எழுதியிருந்தார். மனிதன் அலறலாம், அலறலாகவே ஆகிவிட முடியுமா? போட்டேன் சிவப்பை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து உறை வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, பல் பிடுங்கப் போன இடத்தில் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை கிடந்தது. அதில் ஒரு கேலிச்சித்திரம்: கன்னங்களில் கைகளை வைத்து வாயைப் பிளந்த ஒரு மந்திரி, கீழே ‘த ஸ்க்ரீம்’ என்ற பெயர் மட்டும். பக்கத்தில் இருந்த கனவான் வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். எனக்கு ஏன் என்று புரியவில்லை. நூலகத்துக்குப் போய்த் தேடினேன். சிவந்த வானம், ஒரு பாலம், வாய் பிளந்த ஓர் உருவம். படத்தின் பெயர் அலறல். ஆங்கிலக்காரருக்கு அந்தப் பெயரே போதும், முகம் கண்ணில் வந்துவிடுமாம்.

மன்னிப்பைத் தபாலில் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். மற்ற மாணவர்கள் விடைகளை மட்டும் அனுப்புவார்கள். மீராலெப்பை ஓரத்தில் பென்சிலால், ‘சேர் சுகமா? இங்கே மழை’ என்று எழுதுவார். வெள்ளவத்தை வாடகை அறையில் இருந்த எனக்கு, சுகம் கேட்ட ஒரே உறை அது. அது மறுபடி வரவேண்டும். அதற்காகத்தான் 1997 பெப்ரவரியில் புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து காலை 5.30க்குத் தனியார் பஸ். கட்டணம் 120 ரூபா. கண்டி, மகியங்கனை, அம்பாறை வழியாகக் கல்முனை சேர மாலை 4.45. வழியில் ஐந்து சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் அந்தப் பக்கம் ஏறவேண்டும். ஒரு சிப்பாய் என் பையில் இருந்த சிவப்பு மைப் பேனைகளை எண்ணிப் பார்த்தார். நான்கு. எதற்கு என்று கேட்டார். பிழை திருத்த என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

கல்முனையில் தங்கிய விடுதிக்கு 150 ரூபா. மின்விசிறி சத்தம் இலவசம். பதிவேட்டில் ‘யாரைப் பார்க்க வந்தீர்’ என்று ஒரு கட்டம். நண்பர் என்று எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டு மாணவர் என்று எழுதினேன். அன்று மாலை கடற்கரை நிறையச் சனம். என்னிடம் பேசியது ஒரு கடலைக்காரர் மட்டும். அதுவும் சில்லறை கேட்டு.

மறுநாள் காலை, உறைகளில் இருந்த முகவரிக்குப் போனேன். அது அவருடைய மைத்துனரின் புடைவைக் கடை. “மச்சான் இறக்காமத்துல, வட்டைக்குள்ள. கதிர் முத்திட்டு, ஆனை வரும். வெட்டி முடியுமட்டும் இஞ்சால வரமாட்டார்” என்றார் மைத்துனர். நான் கடை வாசலில் அப்படியே நின்றேன்.

“என்ன சேர், ஸ்டூடியோ மாப்பிள மாதிரி நிக்கிறீங்க? ஏறுங்க” என்றது ஒரு முச்சக்கர வண்டி.

“அது யாரப்பா ஸ்டூடியோ மாப்பிள்ளை?”

“அல்லாவே, தெரியாதா!” வண்டிக்காரர் இரண்டு கடை தள்ளியிருந்த ஸ்டூடியோவின் முன் நிறுத்தினார். கண்ணாடிக்குள் ஒரு கல்யாணப் படம். தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை, பிளாஷ் வெளிச்சத்தில் கண் பிதுங்கி, யாரோ கழுத்தைப் பிடித்தது போல நிற்கிறார். “ஆரு தெகைச்சுப் போய் நிண்டாலும் இஞ்ச அதான் பேரு. அந்த மனிசன் மௌத்தாகி, அடக்கி ஆறு வருசம். பேரு மட்டும் ஓடித் திரியிது.”

நூலகத்தில் ஒரு பகல் முழுக்கப் படித்தும் விளங்காதது அந்தக் கண்ணாடி முன் ஒரு நிமிடத்தில் விளங்கியது.

இறக்காமத்துக்கு 350 ரூபா பேசி, ஒன்றேகால் மணி நேரத்தில் போனோம். வட்டை என்றால் கண்ணுக்கெட்டியவரை வயல். நடுவே காவல் குடிசை. இரவெல்லாம் யானைக்கு விழித்தவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினேன்.

“நான்தான் கொழும்பு ஆங்கில சேர்.”

மீராலெப்பை எழும்பி உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார். “சேரா? எழுத்தப் பாத்து வாலிபன் எண்டல்லவா நெனச்சன்! இரிங்க, இரிங்க.”

உட்காராமலே மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சிவப்பு என்று அவருக்கு முதலில் நினைவே வரவில்லை. வந்ததும் சிரித்தார்.

“அந்தப் படம் குவைத் ஊட்டுச் சுவருல கிடந்த சேர். நாலு வருசம் நான்தான் தூசி தட்டினன். ஊட்டுக்காரி டெலிபோன்ல வெள்ளக்காரியோட கதைக்கக்குள்ள, ‘நேத்து என்ட மாமி த ஸ்க்ரீம்’ எண்டுவா. பேரு மட்டும்தான். அங்கால சிரிப்புக் கேக்கும். அதான் எழுதின. நீங்க உளறல் எண்டு போட்டீங்க. சேருக்குத் தெரியாததா? புறகு நானும் உளறல் எண்டே வெச்சிட்டன். மகனுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்த.”

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

“உங்கள் வாப்பா உண்மையாகவே அப்படியா நின்றார்?”

மீராலெப்பை வரப்பில் ஏறினார். கன்னங்களில் கை வைத்து வாயைத் திறந்தார். நூலகப் படமேதான், பின்னால் வானம் மட்டும் நீலம். “ஓம் சேர். சத்தம் வரல்ல. அந்த வருசம் பாதி வயல் போயிட்டு.”

வீட்டிலிருந்து வந்த சோற்றைப் பிரித்து எனக்கும் வைத்தார். கருவாட்டுக் குழம்பும் தயிரும். கை கழுவும்போது, வெகு சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: “இனிப் பாடம் எழுதி அனுப்புவீர்களா?”

அவர் என்னை இரண்டு கணம் பார்த்தார். பிறகு வயலைப் பார்த்தார்.

“அனுப்புறன் சேர். கட்டாயம் அனுப்புறன்.”

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்பாறையிலிருந்து கொழும்புவரை காலி. பையை அதில் வைத்துக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: இறக்காமம்தான் இலக்கென்றால் என்னைப் போலக் கல்முனைவரை போகாமல் அம்பாறையிலேயே இறங்குங்கள், அரை நாளும் வண்டிக் கூலியும் மிச்சம். வயல்காரரைப் பகல் பதினொன்றுக்கு முன் எழுப்பாதீர்கள். கல்முனை ஸ்டூடியோவைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் தபால் வகுப்பில் மொத்தமே பன்னிரண்டு பாடங்கள்தான். யானைக் கட்டுரை பன்னிரண்டாவது. மீராலெப்பையின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் நான்தான்.