தவில்காரரின் போனில் என் கணவரின் காது

போன வருடம் வைகாசியில், எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் என் மகளுக்குத் திருமணம் நடந்தது. நல்லபடியாக முடிந்த கல்யாணம்தான். ஆனாலும் அன்றைய நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

என் கணவர் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில், இரைச்சலான மெஷின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்துக் காதைப் பறிகொடுத்தவர். மகளின் கெட்டிமேளத்தைக் காதாரக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகவே இரண்டு காதுக்கும் புதுக் கருவி வாங்கினோம். சத்தமான இடத்தில் ஒலியைக் குறைக்க ஒரு செயலி வேண்டுமாம். அது ஐபோனில் மட்டும்தான் ஓடுமாம். எங்கள் வீட்டில் எல்லாரிடமும் ஆண்ட்ராய்டு. விற்கும்போது இதைப் பற்றிக் கடைப் பெண் வாயே திறக்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "அப்போ ஒரு ஐபோன் வாங்கிக்குங்க லா, ஆன்ட்டி" என்றாள், ஏதோ காய்கறிப் பாசாரில் கறிவேப்பிலை வாங்கச் சொல்வதுபோல. காது கேட்காதவர்கள் எல்லாரும் ஒரே வகை போன்தான் வைத்திருக்க வேண்டும் என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ!

கல்யாணத்தன்று மேளம் தொடங்கியதுமே என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. கருவியைப் போட்டால் மண்டை பிளக்கிறது, கழற்றினால் ஒன்றுமே கேட்கவில்லை. ஐபோன் வைத்திருந்த சொந்தக்காரர்களிடம் ஓடினேன். வீடியோ எடுக்க வேண்டும் என்று நழுவிவிட்டார்கள். நான் பொருமிக்கொண்டு நின்றதைப் பார்த்த தவில்காரர், வாசிப்பின் இடைவெளியில் மடியிலிருந்த போனை எடுத்து நீட்டினார்.

"இது ஐபோன்தான் அக்கா. இதுல ஏத்திக்குங்க."

அவர் கெட்டிமேளம் கொட்ட, அவர் போனிலேயே நான் அவருடைய சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கண் கலங்கக் கேட்டார். அந்தத் தவில்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அவருக்கு அன்றே பாலம் தாண்டிச் சிம்பாங் அம்பாட்டில் இன்னொரு கல்யாணம். பாதிப் பந்தியில் எழுந்து கிளம்பினார். போன் பக்கத்தில் இல்லையென்றால் கருவி பழைய நிலைக்கே திரும்பிவிடும். மகளை வழியனுப்பும்போது வாசலில் ஒரே கார் ஹாரன். தாங்க முடியாமல் என் கணவர் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் மகள் அவரைக் கட்டிப்பிடித்து, காதோடு ஏதோ சொன்னாள். கேட்டவர்போலத் தலையாட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, கருவிகள் இன்னும் பைக்குள்ளேயே கிடக்க, காரில் கேட்டார்: "புள்ள என்னா சொன்னா?"

பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டிருந்தது. "எனக்காகத்தானேப்பா அந்த மெஷின் பக்கத்துல நின்னீங்க" என்று சொன்னாள்.

முதல் தடவை சொன்னது அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். யாரோ, செயலியை ஒரு வகை போனுக்கு மட்டும் செய்தால் போதும் என்று நினைத்ததால், என் மகள் அப்பாவின் காதோடு சொன்னதை நான் காருக்குள் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.