ஒன்பது எச்சரிக்கைகள்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஜீரோ’ என்று பட்டப்பெயர். பாராட்டித்தான் வைத்தார்கள். இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னல் நிரலில், சோதனைக் கருவி காட்டிய முந்நூற்று நாற்பது எச்சரிக்கைகளை ஒரே மாதத்தில் பூஜ்யமாக்கிய மனிதர்.

எல்லாமே பாயின்டர் சமாச்சாரம். பாயின்டர் என்றால் நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி. கெர்னலின் சொந்த முகவரி ஒரு வகை, வெளி நிரல்கள் கொடுக்கும் முகவரி இன்னொரு வகை. வெளியிலிருந்து வந்ததை விசாரிக்காமல் உள்ளே விட்டால் கருவி கத்தும். முந்நூற்று முப்பத்தொன்றை அவர் முறையாகத்தான் திருத்தினார். கெடு முடியும் நாள் மாலை ஒன்பது மிச்சம். ‘எனக்குத் தெரியும், நீ சும்மா இரு’ என்று கருவிக்குச் சொல்லும் ஒரு சொல் உண்டு. அதை ஒன்பது இடத்திலும் போட்டு அதன் வாயை அடைத்தார்.

அந்த ஒன்பதில் ஒன்று, பக்கத்து மேசைப் பெண் எழுதிய வரி. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். முந்தின நாளே அதைக் காட்டிக் கேட்டிருந்தாள்.

“அண்ணா, இது நெஜமாவே தப்பா இருக்குமோ?”

“கருவி அப்படித்தான் உளறும்மா. நான் பாத்துக்கறேன்.”

எங்கே பார்த்தார்?

இரண்டு மாதம் கழித்து, அந்த வரி வழியாக எந்த நிரலும் கெர்னலின் ரகசியங்களைப் படித்துவிடலாம் என்று சோதனைப் பிரிவு கண்டுபிடித்தது. திருத்தும் வேலை அவரிடமே வந்தது. மூன்று வரி, பத்து நிமிடம். ஆனால் கூடவே போகும் குறிப்பில், பிழை எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது என்று எழுதியாக வேண்டும். அந்த வரியைச் சேர்த்த அவளுடைய மாற்றத்தை எழுதினார். பொய்யில்லையே என்று தன்னைத்தானே தாஜா செய்துகொண்டார். கருவியின் வாயை அடைத்த தன் மாற்றத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மேலாளர் முடிவெடுக்கப்போகும் வாரம் அது. அதுவும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை மனைவி கேட்டாள்: “யார்கூட சண்டை?”

“யார்கூடவும் இல்ல.”

“அப்ப ஏன் தட்டையே மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அலுவலகத்தில் அந்தப் பெண் நேராக அவர் மேசைக்கு வந்தாள்.

“சாரி அண்ணா. மேனேஜர் குறிப்பப் படிச்சிட்டு என்னக் கூப்பிட்டுப் பேசினார். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு.” சற்றுத் தயங்கினாள். “அன்னிக்கு உங்ககிட்ட நான் காட்டினது வேற எடமா இருந்திருக்கும். எனக்குத்தான் ஞாபகம் சரியில்ல.”

தன் ஞாபகத்தைச் சந்தேகித்தாளே தவிர, அவரைச் சந்தேகிக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

“அதே எடம்தாம்மா,” என்றார். “கருவி சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் அத அடக்கி வச்சேன். குறிப்புல அத எழுதாம விட்டுட்டேன்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவர் நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றாள். அவர் குறிப்பைத் திறந்து தன் மாற்றத்தை முதலில் எழுதினார். அவள் முன்கூட்டியே கேட்டதையும், தான் தட்டிக்கழித்ததையும் எழுதினார். மேலாளருக்கும் குழு முழுவதற்கும் அனுப்பினார்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“சரி சார்,” என்றாள், முதல் தடவையாக.