ஆமா போட்ட கண்மாய்

வில்லுப்பாட்டில் நான் பாடியதெல்லாம் நடந்து முடிந்த கதைகள்தான். சாமி பிறந்தது, வளர்ந்தது, அநியாயமாக வெட்டுப்பட்டது, பிறகு பீடம் கேட்டது. நடக்காத ஒன்றை நடந்ததாகப் பாடியது ஒரே ஒரு தடவை. அதுவும் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், அம்மனுக்கு எதிரே. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் நல்ல மழை பெய்தாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேராது. வருகிற ஓடை முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. போதாக்குறைக்கு, ஓடையின் கடைசிப் பகுதியை உழுது தன் பருத்திக்காட்டோடு சேர்த்துக்கொண்டிருந்தார் எங்கள் கோயில் தர்மகர்த்தா. எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவரிடம் யார் போய்க் கேட்பது? ஊர்க்கூட்டம் போட்டால் சட்டை கிழிவதோடு முடிந்துவிடும். ஆடுமாட்டை விற்றுவிட்டுக் கோவில்பட்டிக்குக் குடிபோகிற வீடுகள் கூடிக்கொண்டே போயின. இன்னொரு மழையும் வீணானால் எங்கள் வீட்டிலும் பூட்டுத்தான் தொங்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆடிக்கொடையில், மதியப் பூசைக்கு முன்னால், அம்மன் கதையை முடித்தேன். மங்களம் பாட வேண்டிய இடத்தில் வீசுகோலால் வில்லை ஒரு தட்டுத் தட்டி, "இனிமே நடக்கப்போற கதையையும் கேட்டுட்டுப் போங்க" என்றேன். குடம் அடிக்கிற என் வீட்டுக்காரர் முறைத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். கண்மாய் நிறைந்து கிடக்கிறது. கரையோரம் நாரை நிற்கிறது. கோவில்பட்டிக்குப் போனவர்கள் வந்து வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கிறார்கள். இதெல்லாம் எப்படி ஆச்சு? கொடை முடிந்த வெள்ளிக்கிழமை ஊரே அரிவாளோடு ஓடையில் இறங்கியது. சர்ச் தெருக்காரர்கள் ஜேசிபி பிடித்து வந்தார்கள். பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்கார பாய் எல்லோருக்கும் சுக்குக்காப்பி கொடுத்தார்.

வில்லில் ஒருவர் ஓர் அடி சொன்னால் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவது வழக்கம். எங்கள் ஊரில் கேட்கிற சனமும் சேர்ந்து போடும். அம்மன் எதிரே ஆமா போட்டுவிட்டால் அது சத்தியம் செய்த மாதிரி. பிறகு பின்வாங்கக் கூடாது. பழக்கதோஷத்தில் அன்றைக்கும் அடிக்கு அடி போட்டுக்கொண்டே வந்தார்கள். என்னத்துக்கு ஆமா போட்டோம் என்று பாதிப் பேருக்குப் பிறகுதான் சுருக்கென்றது.

நான் விடவில்லை. "மொத வெட்டு யாரு வெட்டுனா? நம்ம தர்மகர்த்தா! 'எங்காட்டுல இருந்தே ஆரம்பிங்கலே'ன்னு அவியளே சொல்லி வெட்டுனாவ!"

ஒருவரும் ஆமா போடவில்லை. குடமும் நின்றுவிட்டது. பரிவட்டம் கட்டி எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அம்மனைப் பார்த்தார். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனால் கதை அத்தோடு செத்தது.

"ஆமா" என்றார், அடித்தொண்டையில்.

பெண்கள் போட்ட குலவையில் மேளக்காரர்களே மிரண்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது, அரிவாள்களும் வந்தன. அண்ணன்தான் தன் காட்டில் முதல் வெட்டு வெட்டினார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. மழையும் அந்த வருடம் ஏமாற்றவில்லை. கலங்கல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கியதைப் பார்த்துக் கரையில் நின்று அழுதேன். எத்தனையோ கொடையில் பாடி வாங்கிய பட்டுச்சேலைகள் எல்லாம் அந்தத் தண்ணீருக்கு முன்னால் கந்தல்தான். கதையில் சொன்ன நாரை மட்டும் வரவில்லை. கொக்குகள் வந்தன.

மறு வருடக் கொடை. வில்லுக்கு மணி கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏட்டி, இந்த வருசம் உன் கதையில நான் எதைக் குடுத்தேன்? இப்பமே சொல்லிரு. வீட்டுக்குப் போயி உன் மதினிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருதேன்."