பல்லைக் கடைசியில் பார்க்க வேண்டும்

தஞ்சாவூரில் பல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்தபோது, முதல் மாதமே ஏதாவது ஒரு நோயாளியின் பல்லைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் வருடம் முழுக்க நோயாளிகள் இருக்கும் பிரிவுக்குள் எங்களை விடவே இல்லை. கை கழுவக் கற்றுக் கொடுத்தார்கள். கருவிகளை எப்படிக் கொதிநீராவியில் வைப்பது, எந்தப் பல்லுக்கு எந்த எண், சர்க்கரை இருப்பவரிடம் என்ன கேட்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரை ஏன் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றெல்லாம் படித்தோம். மதியத்தில் ரப்பர் முகம் மாட்டிய பொம்மைத் தலைகளின் முன்னால் உட்கார்ந்து, ஸ்கேலர் என்ற சுரண்டு கருவியைப் பேனா மாதிரிப் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றி, பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவோம். கை தவறினாலும் பொம்மையின் ஈறில் ரத்தம் வராது. அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் ஆசிரியைக்கு ஒரே பிடிவாதம்.

"பல்லைக் கடைசியாப் பாருங்க. முகம், கழுத்து, உதடு, கன்னத்தோட உள்பக்கம், நாக்கு, நாக்குக்கு அடியில. இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் பல்லு. நோய்க்குப் பேர் வைக்கிறது உங்க வேலை இல்ல. பாத்ததை டாக்டர்கிட்ட சொல்றதுதான் உங்க வேலை."

ஆயுத பூஜை விடுமுறைக்குக் கிளம்பும்போது, வீட்டில் உள்ளவர்களின் வாயை இதே வரிசையில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கருவி எதுவும் கூடாது. கையுறையும் டார்ச்சும் போதும்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி. அண்ணன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். குறுவை அறுப்புத் தொடங்கினால் வயலோடு வயலாகப் போய்விடுவார். ஈரம் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள். தூக்கம் வராமலிருக்க, கன்னத்துக்குள் புகையிலை கலந்த பாக்குப் பொட்டலத்தைக் கொட்டி அடக்கிக்கொள்வார். தடை என்று சொன்னாலும் எந்தப் பெட்டிக்கடையிலும் அது கிடைத்தது. மெஷின் ஓட்டுகிற எல்லாருமே போட்டார்கள். யாரும் அதைக் கெட்ட பழக்கம் என்றுகூடச் சொன்னதில்லை.

நான் போனபோது வீட்டில் வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பல மாதமாக அண்ணி வைக்கும் குழம்பைத் தொடுவதில்லை. சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். கேட்டால், "காரம் எரியுது" என்பார். அண்ணி மிளகாயைக் குறைத்துப் பார்த்திருக்கிறார். அப்போதும் எரியுது. பெண்டாட்டி சமையல் பிடிக்கவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். வேறு எங்கேயோ சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பூஜையன்று காலையில் அண்ணன் மெஷினைக் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போட்டார். எல்லாம் முடிந்து பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரிடம் கையுறையைக் காட்டினேன்.

"வந்துட்டாங்கடா டாக்டரம்மா" என்று சிரித்தபடி வெயிலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"நல்லா தொறண்ணே."

"தொறந்துட்டேன்."

"இன்னும்."

"இதுக்கு மேல வராது பாப்பா. போன சம்பாவிலேர்ந்தே கொட்டாவி விட்டா இழுக்குது."

நல்ல வாயில் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்தலாம். அவர் வாயில் ஒரு விரல் நுழைந்தது, இரண்டாவது நுழையவில்லை. கன்னத்தின் உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்து, தொட்டால் உள்ளே கயிறு ஓடுவது போல் நார் நாராக இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பின்னால் பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஒரு புண். அதன் விளிம்பு கல் மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே விரல் வைத்தேன். ஒரு கட்டி. அசைத்துப் பார்த்தால் அசையவில்லை.

இந்தப் படங்களையெல்லாம் வகுப்பில் திரையில் போட்டுக் காட்டியிருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் பின்வரிசையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"என்னா, சொத்தையா?"

"சொத்தை இல்லண்ணே. ஒரு புண்ணு இருக்கு. நாளைக்கு என்னோட தஞ்சாவூர் வா, டாக்டர் பாக்கட்டும்."

"அறுப்பு முடியட்டுமே."

"நாளைக்கே வா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "என்னா நோவு, சொல்லு."

"பேர் வைக்கிறது என் வேலை இல்லண்ணே."

"அதான் ஒன் மூஞ்சி சொல்லுதே" என்றார். பிறகு எழுந்துபோய் வாய்க்கால் பக்கம் நின்றுகொண்டார்.

அண்ணி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அப்ப எரியுதுன்னு சொன்னதெல்லாம் நெசந்தானா?" என்று என்னிடம் கேட்டார். பாக்குப் போடுகிற வாயில் இந்த நோய் முதலில் அப்படித்தான் காட்டும், உப்புக் காரம் பட்டால் எரியும், அப்புறம் வாய் சுருங்கும் என்று சொன்னேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னென்ன பேசிட்டேன் அவங்கள" என்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்தது. கார்த்திகையில், அடைமழையில், ஆபரேஷன். கன்னத்தையும் தாடையின் ஒரு பாதியையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து சதையை எடுத்து அந்த இடத்தை மூடினார்கள். கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்னால், கெட்டுப்போயிருந்த பற்களையும் பிடுங்கினார்கள். பின்னால் பிடுங்க நேர்ந்தால் எலும்பு ஆறாது. இதுவும் நான் பரீட்சைக்குப் படித்த வரிதான். அண்ணன் வாயில் அதைப் பார்க்கும்போது அது பாடமாக இல்லை.

மூக்கில் குழாய் வழியாகச் சாப்பாடு. பேச்சு குழறிக் குழறி, பிறகு நின்றேபோனது. கதிர்வீச்சில் வாய் முழுக்கப் புண்; எச்சில் வற்றி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் நர்ஸ் வாயைத் துடைக்க வந்தபோது அண்ணன் அவர் கையைத் தள்ளிவிட்டு என்னைக் காட்டினார். நோயாளியைத் தொடும் தகுதி எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. நர்ஸ் என் கழுவிய கைகளைப் பார்த்துவிட்டு, "நீங்களே பண்ணுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். உப்புநீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி, உதட்டின் ஓரத்திலிருந்து தொடங்கினேன். லேசாக அழுத்தினாலும் ரத்தம் வந்தது. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தார். நான் நிறுத்தினால், செய் என்று தலையசைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க, வகுப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் செய்தேன். அண்ணி எனக்கு முன்பே வெந்நீரை ஆறவைத்துக் காத்திருப்பார். எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் அன்றன்றைய பேச்சு.

பங்குனியில் கழுத்தில் நோய் திரும்ப வந்தது. இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த வாரத்தில் அண்ணன் இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் பந்தலில் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். வழக்கம்தான்: வெற்றிலை, பாக்கு, புகையிலை. அண்ணனோடு மெஷின் ஓட்டியவர்கள் கண்கலங்கி நின்றுகொண்டே அதிலிருந்து எடுத்துப் போட்டார்கள். நான் அம்மாவிடம் போய், "அந்தத் தட்டை எடுத்துடவா?" என்றேன்.

"வந்தவங்க தப்பா நெனைப்பாங்கடி. இன்னைக்கு ஒருநாள் விடு" என்றார் அம்மா.

அண்ணி எழுந்து வந்தார். யாரையும் பார்க்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வெறும் தட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பந்தலில் பேச்சு நின்றது.

பாடை கட்டுவதற்குள் யாரோ கடைக்குப் போய் வாங்கி வந்து அந்தத் தட்டை நிரப்பி வைத்திருந்தார்கள்.