இரண்டு பூட்டுப் பெட்டி

லிப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் மின்சாரத்தை அணைத்து, அந்த சுவிட்சுக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. ஒருவன் சாவியை இன்னொருவன் தொடக்கூடாது, கூடப்பிறந்தவனாக இருந்தாலும் சரி. நம்ம மெக்கானிக் இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. வேலையில் அவ்வளவு சுத்தம். மற்றதில்தான் கோட்டைவிட்டான்.

மற்றது என்று மழுப்புவானேன்? போதைப்பொடி. பொடி ஏறினால் பெண் வேண்டும், பெண்ணிடம் போனால் பொடி வேண்டும். முகம்கூட ஞாபகமில்லாத பெண்கள், வாடகை அறைகள், வீட்டில் வந்து அவிழ்த்துவிட்ட பொய்கள். சுகத்துக்காகப் போனான் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. சுகம் எப்போதோ செத்துப்போய், போயே ஆகவேண்டும் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அவன் போய்ச் சேர்ந்த போதை சிகிச்சை மையத்து ஆலோசகர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், தானும் விழுந்து எழுந்தவர். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், ஒன்று அழுதால் மற்றதும் அழும், ஒன்றை மட்டும் தூங்கவைக்கலாம் என்று கனவு காணாதே என்றார்.

அவன் வாங்கிவந்த நோய் மனைவிக்கும் தொற்றியது. ரொட்டிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள் அவள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள். மருத்துவமனை பெஞ்சில் இருவரும் ஊசிக்குக் காத்திருந்தபோதுதான் வாயைத் திறந்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தான் அவனோடு இருக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இரும்புப் பெட்டி. பொடிக்காரனும் அந்தப் பெண்களும் வருவது போன் வழியாக. அலுவலக வேலையும் அதில்தான் வருகிறது, தூக்கி எறியவும் முடியாது. ஆகவே வேலை முடிந்து வந்ததும் போன் பெட்டிக்குள் போகும். அவன் பூட்டு ஒன்று, அவள் பூட்டு ஒன்று. யோசனை அவனுடையதுதான். அவள் தன் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பாள். அவன் புரண்டு படுத்தால் அவள் கை அங்கே போகும்.

ஒரு விடுமுறை நாள் காலையில், அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதாக அவளுடைய போனுக்குத் தகவல் வந்தது. இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பிப் போனாள். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவன், பெட்டியின் மேல் அவளுடைய சாவி இருப்பதைப் பார்த்தான். என்னை நம்பிவிட்டாள் என்று நினைத்தான். நினைத்ததும் பெட்டிக்கு முதுகைக் காட்டித் துடைப்பத்தை எடுத்தான்.

வீட்டைப் பெருக்கினான். துவைத்த துணியையே மறுபடி துவைத்தான். ஆலோசகரைக் கூப்பிடலாம், ஆனால் கூப்பிடுகிற போன் பெட்டிக்குள் இருக்கிறது! அந்தச் சாக்கே போதுமாக இருந்தது. தன் பூட்டைத் திறந்துவிட்டான். அவள் சாவியும் துவாரத்துக்குள் போய்விட்டது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றது மனசு. அந்த மனசின் யோக்கியதை அவனுக்குத் தெரியும். சாவியைப் பிடுங்கினான், தன் பூட்டை மறுபடி போட்டான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

மாமியார் வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் அந்த வெறி அவனை விடவில்லை. பழைய வாடகை அறை இருக்கும் தெரு வந்தபோது கால் தானாக இறங்கிவிட்டது. நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  எவ்வளவு நேரம் நின்றானோ, அடுத்த பஸ் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான்.

கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த மாமியார் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒரு நாள்கூடப் பொண்டாட்டியைப் பிரிஞ்சு இருக்க முடியலையா?"

மனைவி சிரிக்கவில்லை. அவள் பார்வை பெட்டியிலேயே இருந்தது.

"திறந்துட்டீங்களா?"

"இல்ல. ஆனா திறந்துடுவேன்." சாவியை அவள் முன்னால் வைத்தான். "என்னை நம்பாதம்மா. தயவுசெஞ்சு நம்பாத."

மாமியார் இது என்ன சாவி என்று கேட்டார். அவளுக்கு முந்தி அவனே சொல்லிவிட்டான், பொடியை, பெண்களை, நோயை, ஒன்றையும் மறைக்காமல். இத்தனை நாள் பெற்ற தாயிடம்கூட அவள் மூடிவைத்திருந்த மானம் அங்கேயே போயிற்று. மாமியார் அவன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தன் காலில் போட்ட கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"உங்களை நம்பி வெச்சுட்டு வரலீங்க. என்ன ஆனாலும் ஆகட்டும், ரெண்டு நாளாவது காவல் காக்காம தூங்கணும்னுதான் வெச்சுட்டு வந்தேன்."

அவன் பெட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். உள்ளறையில் விரித்திருந்த படுக்கைக்குப் போகாமல், அவனுக்கு எதிரே உட்கார்ந்து விழித்திருந்தாள்.