அக்கா சாட்சி சொன்ன நாள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகின்றது. அவர் சாட்சி சொன்ன நாளை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாவகச்சேரியில் பிறந்த அக்கா அங்கேயே உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வரலாறு படிப்பித்தார். அமெரிக்க ரயில் கம்பெனிகள் பெரிய முதலாளிகளுக்கு இரகசியச் சலுகை கொடுத்ததையும், சிறு விவசாயிகளின் கோதுமை ரயில் நிலையங்களில் தேங்கியதையும், அரசாங்கம் சட்டம் போட்டு அந்தக் கம்பெனிகளை அடக்க முயன்றதையும் அவர் விளக்கியபோது நானும் அந்த வகுப்பில் இருந்தேன்.

போருக்குப் பின் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கு வந்தவருக்கு ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. நகரின் பென்ரோஸ் பகுதியில் ஒரு சரக்கு ரயில் நிறுவனத்தில், யாருடைய கொள்கலன் எந்த ரயிலில் போகும் என்று வரிசைப்படுத்தும் வேலையில் சேர்ந்தார். பிறகு குடும்பத்தோடு வந்த எனக்கும் அங்கேயே வேலை எடுத்துத் தந்தார். என் விசா அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் பாபடோயிட்டோய்ப் பகுதியில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்நாட்டு அண்ணர் ஒருவர் அக்காவின் மேசைக்கு வந்தார்.

"மேடம், நாலு நாளா என் சரக்கு இங்கயே கெடக்கு. வரிசையில என் பேருதானே முதல்ல இருந்துச்சு?"

இருந்தது உண்மை. பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்காக மேலாளர் அதைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். அது முதல் தடவையும் அல்ல. சிறு வியாபாரிகள் முறையிட, அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. சாட்சி சொல்ல அக்காவுக்கும் அழைப்பு வந்தது.

நான் கெஞ்சினேன். "அக்கா, என்ர விசா அவையின்ர கையில. நீங்கள் வாய் திறந்தால் நானும் பிள்ளையளும் திரும்பிப் போகவேணும்."

"தெரியும் தம்பி. ஆனா கண்ணால கண்டதைக் காணேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

விசாரணையன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். நிறுவனத்தின் வழக்கறிஞர் அக்காவிடம் முதலில் கேட்டதே, "உங்கள் தம்பியும் இங்கேதானே வேலை செய்கிறார்?" என்பதுதான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓம்" என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் திருத்திக்கொண்டார். அதன்பின் மாற்றப்பட்ட ஒவ்வொரு வரிசையையும் நாள்வாரியாகச் சொன்னார்.

சரக்கு போகும் வரிசையை நிறுவனம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு மாதத்தில், மறுசீரமைப்பு என்று சொல்லி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. நான் அக்காவோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் போய்விடுவேன்.

விசா முடிய ஒரு வாரம் இருக்கையில் ஒரு களஞ்சியசாலை என்னை வேலைக்கு எடுத்தது. அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். நெடுநாள் கழித்து அதன் உரிமையாளர் சொன்னார்: "உங்க அக்கா உங்க பேப்பரை எல்லாம் எடுத்துக்கிட்டு மூணு தடவை வந்தாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க."

அன்றே த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். நான் சாப்பிட்டேன். அக்காவுக்கு நோய் வந்த பிறகும் அந்த விசாரணைப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

இறுதி நாட்களில் அவரைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து சவப்பெட்டியைத் தோளில் சுமந்த அந்த வியாபாரி அண்ணருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. இதை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் முன்னால் இப்போது கேட்கிறேன்.